உலகம்மாள் பெயர் வெட்டிய தட்டுகள்

உலகம்மாள் ஒற்றைக் கண்ணோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தன் அண்ணன் ஊருக்குப் பஸ் ஏறிப் போன மூன்றாம் நாள், வெள்ளூரணி நூற்பாலையின் மத்தியானச் சங்கு பன்னிரண்டரைக்கு ஊதி ஓய்ந்ததும், அவள் புருஷன் தவசிலிங்கத்தின் அடுக்களை அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு தானாக எழும்பி, கூடத்தைக் கடந்து வந்து, தயிர்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த அவனுடைய முன்பற்கள் இரண்டை உடைத்துவிட்டுத் தரையில் விழுந்து சுழன்று அடங்கியது. தட்டில் சுண்டைக்காய்க் குழம்பும் சோறும் இருந்தன. குழம்பு ஆவி பறந்தது. கல்யாணமாகி மூன்றாம் மாதம், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், அவன் சுவரில் விசிறியடித்த அதே குழம்பு அது.

எதிர்வீட்டு ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள் நான். எனக்கு அந்தக் குழம்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதை எறிந்த அன்று, "இது என்னட்டி, சுண்டைக்காயா ஆட்டுப்புழுக்கையா?" என்று அவன் போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டது. நான் ஒரு பாவாடைக்குப் பட்டி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டதும் மிஷினை இன்னும் வேகமாக மிதித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. பத்தொன்பது வருஷமும் எங்கள் தெருவில் எல்லாரும் செய்தது அதுதான். ஒருத்தி மிக்சியைப் போடுவாள், ஒருத்தர் ரேடியோவைத் திருகுவார், நான் மிஷினை மிதிப்பேன்.

தவசிலிங்கத்தின் நாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆள் ஆறடி, ஆலையில் எடைமேடைக் கிளார்க், பஞ்சுப் பொதியைக் கண்ணால் பார்த்தே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் மட்டும் பால் மறக்காத பிள்ளை. கத்தரிக்காயில் விதை ஆகாது, வெண்டைக்காயில் வழவழப்பு ஆகாது, கீரை என்றால் புல், பாகற்காய் என்றால் விஷம், குழம்பில் மிதக்கிற எதுவும் கண்ணில் படக் கூடாது, ரசத்தில் தெளிவு மட்டும் வேண்டும், தேங்காய்த் துருவல் பல்லில் அகப்பட்டால் அன்றைக்குத் தட்டு பறக்கும். சோறு, தயிர், அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல் இந்த நாலையும் வைத்துக்கொண்டே நாற்பத்தாறு வயதுக்கு வந்து சேர்ந்திருந்தான். சரி, இந்த நாலை மட்டும் வைப்போம் என்று வைத்தால், "நான் என்ன ஆஸ்பத்திரியிலயா கிடக்கேன், ஒரு காய் வைக்கத் தெரியாதா?" என்று அதற்கும் பறக்கும். உலகம்மாள் எறிந்ததைப் பொறுக்கி, சுவரைத் துடைத்து, தட்டைக் கழுவி அலமாரியில் கவிழ்த்துவிட்டு, சட்டியில் மிச்சம் இருப்பதைத் தின்பாள். மறுநாள் அதே தட்டில்தான் அவனுக்குச் சோறு.

எங்கள் பக்கம் பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது ஒவ்வொரு பாத்திரத்திலும் பெண்ணின் பெயரை வெட்டித்தான் கொடுப்பார்கள். குத்துப்போணி முதல் கரண்டி வரைக்கும் புள்ளி புள்ளியாகப் பெயர் இருக்கும். உலகம்மாளின் தட்டுகளில் அவள் அப்பா பெயரின் முதலெழுத்தோடு 'ச.உலகம்மாள்' என்று இருந்தது. அதனால் வெள்ளூரணியில் எந்தத் தட்டு எழும்பினாலும் அது ஒரு பெண்ணின் பெயரைச் சுமந்துகொண்டுதான் எழும்பியது.

எழும்பத்தான் செய்தது. மறுநாள் சங்கு ஊதியபோது தவசிலிங்கத்தின் வீட்டில் மட்டுமல்ல, மேலத்தெரு, கீழத்தெரு, ஆலைக் குடியிருப்பு, பஜார் என்று ஊர் முழுக்கத் தட்டுகள் கிளம்பின. எறிந்த வரிசையில், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று என்று வந்தன. சுவரில் பட்டவை எறிந்தவன் மேல் எங்கே வேண்டுமானாலும் பட்டன. பெண்சாதி மேல் பட்டவை அவளுக்குப் பட்ட அதே இடத்தில் அவனுக்குப் பட்டன. பழைய பாத்திரக்காரனுக்குப் போட்ட தட்டு, கொழுந்தியாள் வீட்டுக்குக் கொடுத்துவிட்ட தட்டு, ஊரணித் தண்ணீரில் தொலைந்த தட்டு எல்லாம் யாரிடமும் வழி விசாரிக்காமல் வந்து சேர்ந்தன. செத்தவர்களையும் விடவில்லை. எங்கள் அப்பாவுக்கு உரிய தட்டுகள் அம்மா பெயரோடு தினமும் சுடுகாட்டுக்குப் பறந்துபோய், அவரை எரித்த மேடையில் ணங்கென்று விழுந்தன. மத்தியானம் ஆனால் சுடுகாட்டுப் பக்கம் பாத்திரக்கடை மாதிரி சத்தம் கேட்கும். என் வீட்டுக்காரருக்கு மூன்றே மூன்று, மூன்றும் பாகற்காய். புருவத்தில் நாலு தையலோடு தப்பித்தார். இரும்புக்கடை ராசகுரு கொதிக்கிற சாம்பாரைச் சட்டியோடு பெண்சாதி முதுகில் வீசியவர். அந்தச் சட்டியும் வந்தது. மூன்றாம் நாள் செத்துப்போனார். அவர் பெண்சாதி செய்ய வேண்டியதையெல்லாம் குறைவில்லாமல் செய்து முடித்துப் பதினாறு கழித்து என்னிடம் இரண்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள். முதுகுப் பக்கம் நன்றாக இறக்கி வெட்டச் சொன்னாள், தழும்பு தெரிந்தால் தெரியட்டுமாம்.

ஏன் இப்படி நடக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை, கேட்க யாருக்கும் முகம் இல்லை. ஒரு மாதத்துக்குள் ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. டவுன் பஸ் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வேப்பமரத்து நிழலில் ஒதுங்கி நின்றுவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் புறப்படும். கம்பவுண்டர் பன்னிரண்டு மணிக்கே ஊசியில் நூலைக் கோத்து வைத்துவிடுவார். ஆம்பிளைகள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்தார்கள். தட்டு ஹெல்மெட்டைப் பிளந்துகொண்டு மண்டையைத் தேடிப் போனது. அலமாரியைக் கயிறு போட்டுக் கட்டினார்கள், பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். தட்டு இரும்புக் கதவைத் தகரம் கிழிகிற மாதிரி கிழித்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் நல்ல நேரம் பார்ப்பதை விட்டுவிட்டுச் சரியாகப் பன்னிரண்டரைக்கு வந்து, பையனின் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, காப்பியைக் குடிக்காமல் அடுக்களைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் மூன்றே மூன்று ஆம்பிளைகள்தான் சங்கு நேரத்தில் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீதியில் நடந்தார்கள். அதுவரை அந்த மூன்று பேரையும் பெண்டாட்டிக்குப் பயந்தவர்கள் என்று கேலி பேசியவர்களில் நானும் உண்டு.

இதற்கு நடுவே ஆம்பிளைகள் கூடிப்பேசி ஒரு கூத்து அடித்தார்கள். பெயரைப் பார்த்துத்தானே தட்டு வீடு தேடி வருகிறது, பெயரை எடுத்துவிட்டால் வழி தெரியாமல் போய்விடும் என்று எவனோ சொல்ல, அத்தனை பேரும் தட்டுகளைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு, பாத்திரத்தில் பெயர் வெட்டும் சூசையிடம் போய் நின்றார்கள். சூசை ராவும் பகலும் உட்கார்ந்து பெண்கள் பெயரையெல்லாம் தேய்த்து அழித்தான். மறுநாள் சங்கு ஊதியது. பெயர் இல்லாத தட்டுகளுக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை. ஊரில் அந்த நேரம் வாயில் சோறு வைத்திருந்தவர்களையெல்லாம் அவை அடித்தன. கோயில் பூசாரியின் தாடை போயிற்று, பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவருக்குக் காது தொங்கியது, சூசைக்கு வலது கை மணிக்கட்டு முறிந்தது. சாயங்காலம் பெண்கள் அத்தனை பேரும் சூசையின் கடை முன்னால் போய் நின்றோம். அவன் இடது கையால் எங்கள் பெயர்களைத் திரும்ப வெட்டிக்கொடுத்தான். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் தட்டுகளுக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது.

தவசிலிங்கத்துக்கு வருவோம். ஊரிலேயே அவனுக்குத்தான் அதிகம். எனக்குத் தெரிந்து இருநூற்றுப் பதினான்கு. பதினோரு நாள் பதினோரு தட்டு வாங்கினான். பல் இரண்டு, காறை எலும்பு ஒன்று, இடது கைச் சுண்டுவிரல், உதடு மூன்று இடத்தில். சங்கு நேரத்தில் அவனை மெஸ்ஸில் உள்ளே விடமாட்டேன் என்றார்கள். பொங்கித் தர வீட்டில் ஆளில்லை. அவன் அம்மா செத்து வெகுநாளாயிற்று, கூடப் பிறந்தவள் போனை எடுப்பதில்லை. பன்னிரண்டாம் நாள் பசி தாங்காமல் சோற்றை வடித்தான், கையில் கொட்டிக்கொண்டான், கொப்புளத்தை ஊதிக்கொண்டே அடுக்களையைத் துழாவினான். டப்பாவில் உப்புப் போட்டுக் காயவைத்த சுண்டைக்காய் இருந்தது. அவனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஆனால் முதல் நாள் பல் உடைந்தபோது ரத்தத்தோடு சேர்த்து உதட்டில் வழிந்ததை அவன் நக்கியிருந்தான். உலகம்மாள் வைத்த சுண்டைக்காய்க் குழம்பை அவன் வாயில் பட அனுமதித்தது அதுதான் முதல் தடவை. அந்த ருசி பத்து நாளாக அவனை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. புளியைக் கரைத்தான், வத்தல் பொடியை அள்ளிப் போட்டான், எண்ணெயில் சுண்டைக்காயைக் கரியாகக் கருக்கினான். எனக்கு எதிர்வீட்டில் இருமல் வந்தது.

அன்றைய தட்டும் சுண்டைக்காய்த் தட்டாக இருந்தது அவன் அதிர்ஷ்டம். சங்கு ஊதியது, தட்டு எழும்பியது, ஆனால் பாய்ந்து வரவில்லை. யாரோ இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருகிற மாதிரி மெதுவாக வந்து, வெறுந்தட்டாக, அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தது. அவன் அதில் தன் குழம்பை ஊற்றிப் பிசைந்து பாதி தின்றான். கசப்பு தாங்காமல் மிச்சத்தை ஓரமாகத் தள்ளினான். தள்ளிய மறுநொடி தட்டு மிச்சத்தோடு எழும்பி அவன் காதில் அறைந்தது.

அப்படித்தான் அவனுக்குச் சங்கதி பிடிபட்டது. எதை எறிந்தானோ அதைச் சங்குக்கு முன்னால் தன் கையால் ஆக்கி, ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டால் அன்றைக்கு அடி இல்லை. ஆக்கத் தெரியாது, தின்னவும் பிடிக்காது, ஆனாலும் ஆக்கித் தின்ன வேண்டும். அதைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று இருந்தது. எந்த நாளில் எதை எறிந்தான் என்பது அவனுக்கு நினைவில்லை. எறிந்தவனுக்கு எது நினைவிருக்கும்?

எனக்கு இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் காயின் பெயரைச் சொல்லித்தானே கத்தினான், மிஷினை எவ்வளவு மிதித்தாலும் காதில் விழத்தானே செய்தது. சாயங்காலம் அவன் கட்டோடும் பிளாஸ்திரியோடும் வந்து என் வாசலில் நின்றான்.

"மதினி, நாளைக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியுமாமே."

"தெரியும். மில்லு ஸ்ட்ரைக் நடந்த வருசம், ஆடி மாசம். முருங்கைக்கீரை."

"அதை எப்படி ஆக்கணும்?"

"பேரு மட்டுந்தான் சொல்லுவேன். பக்குவம் சொல்ல மாட்டேன். பக்குவம் தெரிஞ்சவளத்தான் நீங்க குருடாக்கி அனுப்பிட்டீகளே."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். நான் அன்று சொன்னதற்காக இதுவரை வருத்தப்பட்டதில்லை. தெருவில் வேறு யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. அவன் தானே ஆக்கி, தானே கெடுத்து, கெட்டதைத் தானே தின்றான். முருங்கைக்கீரையைக் காம்போடு வேகவைத்து நாரை மென்று மென்று கண்ணில் தண்ணீர் வர விழுங்கினான். பாகற்காயை விதையோடு தின்று கொல்லையில் போய் வாந்தியெடுத்தான். வாந்தியெடுத்தது கணக்கில் சேராதென்று தட்டு கொல்லைக்கே போய் முதுகில் இறங்கியது. இரண்டாம் தடவை பாகற்காயைக் கீறி உப்பில் பிசறிப் பிழிந்துவிட்டு ஆக்கினான். வெண்டைக்காயை ஈரம் போகத் துடைத்துவிட்டு நறுக்கினால் வழவழப்பு அடங்கும் என்பதை நாலு அடிக்குப் பிறகு கண்டுபிடித்தான். கத்தரிக்காயை வெட்டியவுடன் தண்ணீரில் போட வேண்டும் என்பதை ஒரு விலா எலும்பைக் கொடுத்துத் தெரிந்துகொண்டான். பெருங்காயத்தை எண்ணெயில் பொரிக்க வேண்டும், வெந்தயம் கருகினால் குழம்பு போச்சு, உப்பைப் புளிக்கு முன்னால் போடுவதற்கும் பின்னால் போடுவதற்கும் வித்தியாசம் உண்டு என்று ஒவ்வொன்றாக ஏறியது. காய்கறிக் கடையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கினான். அதைப் பார்த்த பெண்களில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பாதிப் பேர் அழுதார்கள்.

தை பிறந்தபோது அவனுக்கு அடி அநேகமாக நின்றிருந்தது. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் ஆக்கினான், கொள்ளை வறுத்துக் காணத்துவையல் அரைத்தான், அவியலில் காய் காயாக நறுக்கி வேகிற வரிசையில் போட்டான். தின்ன முடியாமல் தின்றவன் போய், தின்னத் தின்ன இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்கிறவன் ஆகிவிட்டான். ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தரிக்காயைக் காம்போடு வாயில் போட்டுச் சப்பினான். எனக்கு ஆத்திரம் வந்தது. இதைப் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சப்பியிருந்தால் என்ன என்று கத்த வேண்டும் போலிருந்தது.

ஒரே ஒன்று மட்டும் அவனுக்குக் கைகூடவில்லை, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. ஏழெட்டுத் தடவை ஆக்கிவிட்டான், தட்டும் அடிக்காமல் வந்து உட்காரத்தான் செய்தது, ஆனால் அவன் நாக்கு ஒப்பவில்லை. ஒருநாள் சாயங்காலம் வழக்கம்போல வந்து கேட்டான். நாளைக்குப் புளிக்குழம்பு என்றேன். மறுநாள் காலையில் அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கத்தரிக்காய் கூடையில் அப்படியே கிடந்தது. சங்கு ஊதும்போது கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முகத்தை நிமிர்த்திக்கொண்டான். தட்டு வந்து கன்ன எலும்பை உடைத்தது. குழம்பு முகமெல்லாம் வழிய, அவன் கையால் வழித்து வழித்து வாயில் வைத்தான், கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு விரலாகச் சப்பினான்.

"கொத்தமல்லியை வறுத்து அரைச்சிருக்கா மதினி," என்றான், நான் ஓடிப்போய் நின்றபோது. பல்லெல்லாம் ரத்தம். "நான் பச்சையா அரைச்சேன்."

மாசி பிறந்து இருநூற்றுப் பதினொன்று, பன்னிரண்டு என்று போய்க்கொண்டிருந்தது. கடைசித் தட்டு உலகம்மாளின் இடது கண்ணை எடுத்த தட்டு. அது எங்கே வந்து படும் என்று ஊருக்கே தெரியும். அது அவன் அலமாரியிலும் இல்லை. அன்று ரத்தத்தோடு அவளை ஆட்டோவில் ஏற்றும்போது ஆஸ்பத்திரியில் சோறு தின்ன வேண்டுமே என்று கைக்குக் கிடைத்த தட்டை நான்தான் தரையிலிருந்து எடுத்துக் கழுவிப் பையில் வைத்தேன். அந்தத் தட்டிலேயே அவள் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் சாப்பிட்டாள், அதோடுதான் அண்ணன் ஊருக்கும் போனாள். அன்று ஆஸ்பத்திரியில், "எப்படிம்மா பட்டுச்சு?" என்று நர்ஸ் கேட்டாள். "குளியலறையில வழுக்கி விழுந்துட்டா," என்று சொன்னது நான். எறிந்தவர்களைத் தேடித் தேடி அடித்த தட்டுகள் கேட்டுக்கொண்டிருந்தவர்களை ஒன்றும் செய்யவில்லை. அது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

"மதினி, கடைசித் தட்டு என்னது?" என்று அவன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அன்று மட்டும் அவன் காயின் பெயரைச் சொல்லிக் கத்தவில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் தெரியவில்லை.

அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் முதல் பஸ் ஏறிப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த அவள் ஊருக்குப் போனான். உலகம்மாள் அங்கே ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சும் வேலை பார்த்தாள். வாசலில் அவன் நிற்பதைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நடந்ததை அவன் சாயங்காலம் என் வாசலில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் சொன்னான்.

"என்ன விசயம்?" என்றாளாம்.

"கடைசித் தட்டுல என்ன இருந்துச்சு, உலகம்மா?" பத்தொன்பது வருஷம் ஏட்டி என்று கூப்பிட்டவன் அன்றுதான் பெயரைச் சொன்னான்.

"ஒண்ணுமில்ல."

"யோசிச்சுச் சொல்லு. வியாழக்கிழமை வந்துரும். எதா இருந்தாலும் ஆக்கிருவேன். இப்ப எல்லாம் ஆக்குவேன்."

"யோசிக்க என்ன இருக்கு. தட்டைக் கழுவி உங்க முன்னால வச்சேன். சோத்துப் பானைய எடுக்கத் திரும்பினேன். எவ்வளவு நேரமின்னு ஒரு சத்தம் போட்டீங்க. என்னன்னு திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான். நான் இன்னும் சோறே போடல. வெறுந்தட்டு."

அவன் அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டானாம். இருநூற்றுப் பதிமூன்று தட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. விதை, நார், கசப்பு, தேங்காய்த் துருவல் என்று தன் நாக்கின் மேல் பழியைப் போட இடம் இருந்தது. இதற்கு ஒன்றுமில்லை. வெறுந்தட்டை எதை ஆக்கித் தணிப்பது? உலகம்மாள் உள்ளே போகத் திரும்பியவள், "வியாழக்கிழமைதானே?" என்று ஒருதடவை கேட்டுக்கொண்டு போய்விட்டாளாம்.

வியாழக்கிழமை பதினொன்று நாற்பது பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள். கையில் ஒயர்க்கூடை, கக்கத்தில் மடித்த சாக்குகள். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"வந்துட்டியா தாயி."

"தட்டு அங்கயிருந்து கிளம்பினா பன்னெண்டு கிலோமீட்டரும் ஆளுக தலைக்கு மேலதான் வரணும்க்கா. பள்ளிக்கூடம் இருக்கு, களையெடுக்கிற பொம்பளைக இருக்காக. அதான் கையோட கொண்டுவந்துட்டேன்."

"அவன் பட்டது போதும். நீ வேண்டாம்னு சொன்னா ஒருவேளை நின்னுரும், உலகு."

அவள் இருக்கிற ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். "நானாக்கா எறியுதேன்? அது அன்னைக்கே எறிஞ்சது. இப்பத்தான் வந்து விழப்போகுது."

தவசிலிங்கம் விடியற்காலையிலேயே எழுந்து சோறு வடித்துப் புளிக்குழம்பு வைத்திருந்தான். கொத்தமல்லியை வறுத்து அரைத்த வாசனை தெருவில் நின்றது. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று முதல் நாள் என்னிடம் கேட்டிருந்தான். எனக்குத் தெரியவில்லை, தெருவில் யாருக்கும் தெரியவில்லை, மிச்சம் இருந்ததைத்தான் அவள் தின்றாள் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. உலகம்மாள் கூடத்துக்குள் போய் ஒயர்க்கூடையிலிருந்து கடைசித் தட்டை எடுத்து, விளிம்பு நெளிந்த பக்கம் சுவரைப் பார்க்க, அவன் உட்காருகிற இடத்தில் வெறுமையாக வைத்தாள்.

"சாப்பிடுதியா?" என்றான் அவன்.

"போடுங்க."

அலமாரியிலிருந்து வேறொரு தட்டை எடுத்துக் கழுவி அவள் முன்னால் வைத்து, சோறு போட்டு, குழம்பை ஊற்றி, முழுக் கத்தரிக்காயாகப் பார்த்து இரண்டை எடுத்து வைத்தான். நாங்கள் வாசலையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு நின்றோம். என் வீட்டுக்காரர் தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார். மணி பன்னிரண்டு இருபத்தெட்டு. உலகம்மாள் பிசைந்தாள், உருட்டினாள், வாயில் வைத்தாள், மெதுவாக மென்றாள்.

"உப்பு இல்ல," என்றாள்.

நாங்கள் அத்தனை பேரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தோம். யாரும் சொல்லி நகரவில்லை, பத்தொன்பது வருஷமாக அந்த வார்த்தைக்குப் பிறகு என்ன வரும் என்று எங்கள் உடம்புக்குத் தெரியும். தவசிலிங்கம் எழுந்தான். அடுக்களைக்குப் போனான். உப்பு ஜாடியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அப்போது சங்கு ஊதியது.

அவன் அடுக்களை நிலைப்படியில் நின்றான். கடைசித் தட்டு தரையிலிருந்து எழும்பி, அவன் நெற்றி உயரத்துக்கு வந்து, ஒரு கணம் அசையாமல் நின்றது, 'ச.உலகம்மாள்' என்ற எழுத்துகளில் வெயில் பட்டு மின்னியது. ஜாடியைப் போட்டுவிட்டுக் கையால் கண்ணைப் பொத்தியிருக்கலாம். "பொத்துடா!" என்று யாரோ கத்தவும் செய்தார்கள். அவன் மூன்று எட்டு நடந்தான், குனிந்தான், உப்பு ஜாடியைச் சிந்தாமல் உலகம்மாளின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான், மூடியைத் திறந்து வைத்தான், பிறகு நிமிர்ந்து நின்றான்.

அந்தச் சத்தத்தை நான் ஏற்கெனவே ஒருதடவை கேட்டிருக்கிறேன். அன்று மிஷின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. இன்று முழுசாகக் கேட்டது, பச்சை மட்டையை அரிவாளால் வெட்டுகிற மாதிரி. அவன் அலறினான். முகத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்து உருண்டான். விரல்களுக்கு நடுவே ரத்தமும் வேறு என்னவோவும் வழிந்தன. பெண்கள் சிலர் வீறிட்டார்கள், ஒருத்தி மயங்கினாள். உலகம்மாளின் உடம்பு ஒருதரம் தூக்கிவாரிப்போட்டது. கண்ணை இறுக மூடித் திறந்தாள். பிறகு ஜாடியிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்துச் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டாள்.

ஆட்டோவில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் போனேன். அதே ஆஸ்பத்திரி, அதே நர்ஸ்.

"எப்படிம்மா பட்டுச்சு?"

"தட்டு பட்டுச்சு," என்றேன். "இவரு எறிஞ்ச தட்டு. ஏழு மாசத்துக்கு முன்னால இவரு பெண்சாதி கண்ணுல எறிஞ்சாரு. குளியலறையில விழுந்தான்னு அன்னைக்கு நான் பொய் சொன்னேன். அதையும் எழுதிக்கோங்க."

அவள் எழுதிக்கொண்டாள்.

நாலு நாள் கழித்து இடது கண்ணில் கட்டோடு அவனைக் கூட்டிக்கொண்டு வந்தோம். கூடம் கழுவித் துடைத்திருந்தது. அலமாரி காலி. தன் பெயர் வெட்டிய தட்டு, கிண்ணம், கரண்டி ஒன்று விடாமல் உலகம்மாள் சாக்கில் கட்டி அன்றைக்கே நாலு மணி பஸ்ஸில் கொண்டுபோயிருந்தாள். ஆம்பிளைகளே சாக்குகளைத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்களாம். அவள் திரும்ப வருவாளா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தட்டை எடுத்துக்கொண்டு போனவள் எதற்குத் திரும்ப வருவாள்?

அடுப்பில் மண்சட்டி மட்டும் மூடியபடி இருந்தது. அது பெயர் வெட்டாத சட்டி, அவன் அம்மா காலத்தது. தவசிலிங்கம் மூடியைத் திறந்தான். நாலு நாள் புளிக்குழம்பு, கெடவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன?" என்றேன்.

"உப்பு சரியா இருக்கு மதினி."

நானும் தொட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. போகும்போது அவள் போட்டுவிட்டுப் போனாளா, நாலு நாள் வற்றியதில் உப்பு ஏறியதா, எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவன் என் வீட்டுப் பானையை வாங்கிச் சோறு வடித்தான், தட்டில்லாததால் சோற்றைச் சட்டியிலேயே போட்டுப் பிசைந்தான், தரையில் உட்கார்ந்து விதையும் தோலும் காம்புமாகத் தின்றான். பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியது. அவன் இருக்கிற ஒரு கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் காத்திருந்தான், எதுவும் வரவில்லை என்றதும் சட்டியை வழித்துத் தின்றுவிட்டு எழுந்து போய்க் கழுவினான்.